பெரட்டுக்கு மூஞ்சி காட்டியவன்

நான் காலேஜ் முடித்தவன். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் தோட்டத்து ஒட்டுக்கடையில் இதை முதலில் சொன்னபோது ஒருவனுக்குத் தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் படித்தது மொத்தம் நாலு வருஷம். அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டிபோட்ட படிப்பு. வாத்தியார் நடத்திய பாடத்தைவிட அந்தச் சிமெண்டுத் தரையில் எத்தனை விரிசல் இருந்தது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போய்விட்டேன்.

தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மலாய் பேசுவதில் எனக்கு யாரும் ஈடில்லை. கோலா கிளாவாங் சந்தையில் மலாய்க்கார அம்மாக்களையே பேசிப் பேசி விலை குறைக்க வைத்திருக்கிறேன். ஆனால் அதே மலாயைத் தாளில் பார்த்தால் எனக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான் இருக்கும்.

இதை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கிளினிக்கிலோ ஆபீசிலோ யாராவது பாரம் நீட்டினால் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பேன். "அடடா, கண்ணாடிய வீட்லயே வச்சிட்டேன். நீங்களே ரொப்பிடுங்க பாஸ்" என்பேன். கூடவே ஒரு நகைச்சுவையையும் அவிழ்த்துவிடுவேன். சிரிக்கிறவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். என்னிடம் கண்ணாடியே கிடையாது. கல்யாணமான புதிதில் என் மனைவி இதை நம்பி, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கித் தந்தாள். அதைப் போட்டும் படிக்க முடியாவிட்டால் மாட்டிக்கொள்வேனே! மறுநாளே வயற்காட்டு ஆலூரில், அதான் வாய்க்காலில், விழுந்துவிட்டதாகச் சொன்னேன். விழவில்லை. நான்தான் போட்டேன்.

இருபது வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம்தான் என்னைத் தற்காலிக மண்டோராகப் போட்டார்கள்.

மண்டோர் என்றால் ஆட்களை மேய்க்கிற கங்காணி, காலையில் பெரட்டு எடுக்க வேண்டும். விடிவதற்குள் ஆட்களெல்லாம் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்பார்கள். மண்டோர் ஒவ்வொரு பேராக வாசிப்பார், ஆள் குரல் கொடுத்தால் புத்தகத்தில் கோடு விழும். அன்றைய நாள் அவனுக்கு உண்டு. நானும் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டு பேரையும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். இந்தோனேசியாக்காரன், வங்காளதேசத்துக்காரன், நம்மாள், எல்லாம் எத்தனையாவது வரி என்று எனக்குத் தெரியும். கோடு சரியான இடத்தில்தான் விழும்.

சில பயல்கள் பெரட்டுக்கு மூஞ்சியைக் காட்டிப் பேரை விழ வைத்துவிட்டு, காட்டுக்குள் போனதும் மரத்தடியில் மட்டையை விரித்துப் படுத்துவிடுவார்கள். அவர்களைப் பிடிப்பதில் நான் கில்லாடி. "பேரு குடுத்தா போதுமா? ஒங்க பேரா வந்து குலை வெட்டும்?" என்று கத்துவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கே வரப்போகிறது.

மண்டோரான எட்டாவது மாதம் மேனேஜர் கூப்பிட்டார். இனி மண்டோர்கள் அறிக்கை எழுத வேண்டுமாம், மருந்தடிப்பதைப் பற்றிப் பாதுகாப்புப் பாடம் படித்திருக்க வேண்டுமாம். ஒரு காலேஜ் ஆன்லைனில் நடத்துகிறது, பத்து மாதம், வேலை அனுபவம் இருந்தால் பள்ளிச் சான்றிதழ் வேண்டாம். பாஸானால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் நீட்டுக் கம்பு, அரிவாள், குலை வெட்டு. என் வலது தோள் ஏற்கெனவே கதவு மாதிரி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வயதில் அந்தக் கம்பைத் தூக்கினால் குலை விழுமா நான் விழுவேனா என்று பந்தயம் கட்டலாம்.

"என்ன, முடியுமா?" என்றார் மேனேஜர்.

"காலேஜே என்னைத் தேடி வருது பாஸ், வேணாம்னு சொன்னா மரியாதையா?" என்றேன். பாரத்தை ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான் ரொப்பினார். கண்ணாடி வீட்டில் இருந்ததே!

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில். எங்கள் வீட்டுக்குள் போன் லைன் கிடைக்காது. பின்புறம் துணி காயப்போடும் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அங்கே ஒரு நாற்காலி போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. பாடம் எடுத்தவர் ஒரு தமிழ் டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பாடமெல்லாம் மலாயில், பேச்சு வாக்கில் தமிழும் வரும். முதலில் பேர் வாசித்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அட, இது நம்ம பெரட்டு!

"இருக்கேன் டீச்சர்!" என்று தோட்டமே கேட்கக் குரல் கொடுத்தேன். பேர் விழுந்தது.

அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஏமாற்ற நினைக்கவில்லை. பேர் விழுந்தால் நாள் உண்டு, அதுதான் நான் அறிந்த உலகம். கேமராவை அணைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போட்டேன், மோட்டார் கழுவினேன். ஒரு ஞாயிறு விடாமல் எட்டு ஞாயிறு. டீச்சரே ஒரு தடவை, "அண்ணன் ஒருத்தர்தான் ஒரு கிளாஸ் கூட விடல" என்று பாராட்டினார். அன்றைக்குச் சாயந்திரம் ஒட்டுக்கடையில் எல்லாருக்கும் என் செலவில் தேத்தண்ணி.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. அதில் டீச்சர் நீளநீளமாக மலாயில் என்னவோ போடுவார். நான் உடனே கட்டைவிரல் போடுவேன். படிக்கத்தான் தெரியாது, விரல் போடத் தெரியாதா? காலையில் முருகன் படம், சாயந்திரம் பூ படம். நான்தான் அந்தக் குழுவிலேயே சுறுசுறுப்பு.

ஒன்பதாவது ஞாயிறு டீச்சர் பேர் வாசித்ததும் நிறுத்தினார்.

"அண்ணே, கேமராவ ஆன் பண்ணுங்க. நேத்து குரூப்ல ஒன்னு போட்டேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர். வெரலு போட்டேனே லா."

"அதான் கேக்குறேன். இதுவரைக்கும் ஒரு அசைன்மெண்ட் கூட அனுப்பாதவங்க லிஸ்ட்டு அது. மொத பேரு ஒங்களோடது. அதுக்கும் ஏன் வெரலு போட்டீங்க?"

வகுப்பில் இருந்த இருபத்தைந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கம்.

"நாந்தான் வாராவாரம் பெரட்டுக்கு வந்துடுறேனே டீச்சர்" என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "சரிண்ணே, இன்னைக்கிப் பாடத்த நீங்களே படிங்க" என்று ஒரு பக்கத்தைத் திரையில் போட்டார்.

சட்டைப் பையைத் தட்டினேன். "அடடா, கண்ணாடி..."

"பரவால்ல, பெருசு பண்றேன்."

பெரிசாக்கினார். நான் கண்ணைச் சுருக்கினேன். இன்னும் பெரிசாக்கினார். நான் போனைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன். கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு வார்த்தை நின்றது. பொறுப்பு என்பதற்கான மலாய் வார்த்தை அது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை ஆட்களைப் பார்த்து நான் கத்துகிற வார்த்தை. என் உள்ளங்கை அகலத்துக்கு எதிரே நின்றது. முதல் எழுத்தைச் சொன்னேன், இரண்டாவதைச் சொன்னேன். சேர்த்தால் என்ன என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தமில்லாமையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. நான் இருக்கிற இடத்தில் எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஈரத் துணி வாளியோடு என் மனைவி. எவ்வளவு நேரமாக நின்றாளோ!

"டீச்சர், அவர ஒன்னும் சொல்லாதீங்க. அவருக்கு ரொம்ப நாளா கண்ணு சரியில்ல. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள், போனைப் பார்த்துக் கும்பிட்டு.

எனக்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். ஆலூரில் கண்ணாடியைப் போட்டவனுக்காக. நான் கைலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானமே என்னை மோட்டாரில் ஏற்றிப் பாரோய் டவுனில் இருக்கிற கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாள் என்றால் ஓட்டியது நான்தான். ஆனால் எங்கே போகிறோம் என்று வெட்டப்போகிற ஆட்டுக்குத் தெரிந்துதான் இருந்தது. கடைக்காரச் சீனர் சுவரில் இருந்த எழுத்துகளைக் காட்டினார். தனித்தனி எழுத்து எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பக்கத்தில் அவள், கையில் பர்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபேக்டரியில் ஓவர்டைம் செய்ததை எனக்குக் கண்ணாடி வாங்க எடுத்து வந்திருந்தாள். நடிக்க முடியவில்லை. கடைசி வரி வரைக்கும் சொன்னேன், கொசுவளவு எழுத்தையும்.

"வாஹ், அண்ணாச்சி! இருவது வயசு கண்ணு!" என்று அந்தச் சீனர் தமிழிலேயே சொன்னார். எங்கே கற்றுக்கொண்டாரோ, அன்றைக்குத்தானா பேச வேண்டும்!

கண்ணாடி வாங்காமலே திரும்பினோம். தோட்டத்துச் செம்மண் பாதை திரும்புகிற இடத்தில் அவள் வாய் திறந்தாள்.

"அப்ப கண்ணு இல்ல."

"இல்ல."

"படிக்கத் தெரியாது."

"மலாய் தெரியாது. தமிழ் கொஞ்சம்."

"இருவது வருஷமா, என்கிட்ட?"

மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்று நடித்தேன். அதிலும் நான் கில்லாடி.

இங்கேதான் நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் முதல் அசைன்மெண்ட் போகாவிட்டால் மேனேஜருக்குக் கடிதம் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் அவளிடம் கெஞ்சினேன். அவள் ஐந்தாம் படிவம் வரை, அதாவது பள்ளி முழுக்கப் படித்தவள், அரசாங்கப் பரீட்சை பாஸ். காலேஜ் போயிருப்பாள், என்னைக் கட்டியதால் செண்டாயான் ஃபேக்டரிக்குப் பஸ் ஏறுகிறாள்.

"இந்த ஒரு தடவ நீ எழுதிக் குடு. பேர மட்டும் நா போட்டுக்கிறேன்."

"ஒங்க தோளுக்காக எழுதுறேன்" என்றாள். திங்கள் சாயந்திரம் பஸ் விட்டு இறங்கி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதினாள். மருந்தடிக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். எழுதும்போது நாக்கு நுனியை லேசாகக் கடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவள் பேனா பிடித்துத்தான் நான் பார்த்ததில்லையே!

அடுத்த ஞாயிறு டீச்சர் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா, அண்ணன் எவ்ளோ தெளிவா எழுதியிருக்காரு! கிளாஸ்லயே இதான் அதிக மார்க்கு. வாழ்த்துகள்ணே."

"எல்லாம் ஒங்க ஆசீர்வாதம் டீச்சர்" என்று கை கூப்பினேன். கூடப் படிக்கிற ஒருத்தர், "அங்கிள், இனிமே நாங்க ஒங்க கிட்டத்தான் டியூஷன் வரணும்" என்றார். "பீஸு கொஞ்சம் ஜாஸ்தி லா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். கொடியில் போர்வை காயப் போட்டிருந்தாள். போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் கால் மட்டும் தெரிந்தது. நகரவில்லை. போர்வையை லேசாக விலக்கினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். பேர் விழாத ஆள், அடுத்தவன் பேரில் விழுந்த கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவது மாதிரி ஒரு சிரிப்பு. என்னைக் கண்டதும் துணிக் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரட்டில் ஒருவன் வேலையை இன்னொருவன் பேரில் எழுதினால் நான் விடுவேனா? அன்றைக்குப் பூராவும் கோழிக்கூண்டைத் தேவையில்லாமல் கழுவினேன். திங்கட்கிழமை ஒரு பையனை மரத்தடியில் பிடித்தேன். வழக்கமான வசனத்தை எடுக்கவில்லை. "எந்திரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அவன் எனக்குக் காய்ச்சல் என்று எல்லாரிடமும் சொன்னானாம்.

சாயந்திரம் அவளிடம் சொன்னேன், டீச்சருக்குப் போன் பண்ணப் போகிறேன் என்று.

"பைத்தியமா? தொரத்திடுவாங்க. அப்பறம் மறுபடியும் கம்பு தூக்கணும்."

"தூக்குறேன்."

"தூக்குவீங்க, தூக்குவீங்க. நாந்தான ராத்திரி ஃபுல்லா எண்ண தேய்க்கணும்."

ஆனால் தடுக்கவில்லை. போனை எடுத்து அவளே நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

டீச்சரிடம் ஒரு நகைச்சுவையும் சொல்லாமல் பேசினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். "அத எழுதுனது என் வீட்டுக்காரி டீச்சர். எனக்கு மலாய் படிக்க வராது. கண்ணு நல்லாத்தான் இருக்கு."



"அண்ணே, இத நா கேக்காத மாதிரி இருக்க முடியாது. மேல சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க டீச்சர்."

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த அசைன்மெண்டுக்கு முட்டை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, மேனேஜருக்கும் நகல். படிப்பைத் தொடரலாம், ஆனால் மீதி இருக்கிற எல்லாவற்றிலும் பாஸ் எடுத்தால்தான் சான்றிதழ். கடிதத்தை மேனேஜர் என் முன்னாலேயே படித்தார். கிராணியும் பக்கத்தில் இருந்தார். மறுநாளுக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரட்டில் நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மண்டோரே, பொஸ்தகம் தலகீழா இருக்கு!" நேராகத்தான் இருந்தது. ஆனாலும் நான் குனிந்து பார்த்தேன். முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் நான் சிரிக்க வைத்தவர்கள்தான்.

அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று யாராவது ஆன்லைன் படிப்புக்குச் சேர்கிறவர்கள் கேட்டால் சொல்வதற்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. என் மனைவி எனக்குத் தனிப் பெரட்டு வைத்தாள். ஃபேக்டரி பஸ் வந்து நிற்கும்போது நான் சமையல்கட்டு மேசையில் நோட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முதல் நாள் உட்கார்ந்துவிட்டு, "வந்துட்டேன்" என்றேன். அவள் கரண்டியைக் காட்டி, "பேரு குடுத்தா போதுமா? ஒங்க பேரா வந்து எழுதும்?" என்றாள். சொன்னேனே, எனக்கே வரும் என்று.

காலேஜ் புத்தகத்தில் தொடங்கவில்லை. மருந்துக் கொட்டகையில் கிடந்த காலி டப்பாவின் லேபிள்களைப் போனில் படம் பிடித்து வரச் சொன்னாள். கையுறை, முகமூடி, விஷம், கழுவு. எல்லாம் வாயில் இருக்கிற வார்த்தைகள்தான். கண்ணுக்கு மட்டும் புதிது. அன்றைக்குத் திரை முழுக்க நின்ற அந்தப் பெரிய வார்த்தையும் ஒரு லேபிளில் இருந்தது. அதைச் சேர்த்துப் படித்த அன்று துள்ளினேன் என்று நினைக்காதீர்கள். முகத்தைக் கழுவப் போய்விட்டேன்.

வகுப்பில் கேமராவை அணைக்கவில்லை. புரியாத இடத்தில் கையைத் தூக்கினேன். "டீச்சர், எனக்குப் புரியல." முதல் தடவை அதைச் சொல்லக் குலை வெட்டியதைவிட அதிகமாக வேர்த்தது. விரல் போடுவதை நிறுத்தினேன். படித்து முடித்த பிறகுதான் போடுவது என்று வைத்துக்கொண்டேன். முதலில் ஒரு செய்திக்கு இரண்டு நாள் ஆனது. அசைன்மெண்டை நோட்டில் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். ஒரு பக்கத்துக்கு நாலு நாள். அவள் ஒரு வார்த்தையும் எழுதித் தரவில்லை. தப்பான இடத்தில் விரலை வைப்பாள், என்ன தப்பு என்று சொல்ல மாட்டாள். விரல் போடுவதில் அவள் ஒரு தினுசு.

பாஸானேன். வகுப்பிலேயே கடைசி மார்க், ஆனால் பாஸ். வேலை நிரந்தரமானது. கடிதத்தை மேனேஜர் நீட்டியபோது சட்டைப் பையைத் தட்டக் கை போனது. நிறுத்திவிட்டு, அவர் முன்னாலேயே கடைசி வரி வரைக்கும் படித்தேன். அவர் காத்திருந்தார். காப்பி ஆறிவிட்டது, பாவம்.

அந்த வாரமே கிராணியிடம் போய் அடுத்த சேர்க்கைக்கு ஒரு பாரம் வாங்கி வந்தேன். வேறு ஒரு படிப்பு. அவள் முன்பு போக நினைத்தது. மேசையில் வைத்தேன்.

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். நா ரொப்புறேன். நீ சொல்லு."

பேர், வயது, படிப்பு. மெதுவாக எழுதினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு பெரிய கட்டம்: ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?

கத்தியை நிறுத்தினாள். "எழுதுங்க. முன்னமே ஒரு அசைன்மெண்ட் எழுதி, கிளாஸ்லயே அதிக மார்க்கு வாங்கியிருக்கேன். பேரு மட்டும் வேற."

எழுதினேன். மலாயில், ஒவ்வொரு எழுத்தாக. எழுதி முடித்ததும் அவள் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐயோ, சும்மா சொன்னேங்க! அத அடிச்சிட்டு வேற எழுதுங்க."

"அடிக்க மாட்டேன்" என்றேன்.

நான் சிரிக்கவில்லை. பாரம் அப்படியே போனது.